நான் யப்பானில் நின்ற ஒன்பது நாட்கள்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒன்பது நாட்கள் நான் யப்பானில் நின்றதாக எங்கள் மாதா கோயில் சனம் முழுவதும் நம்பியது. அந்த ஒன்பது நாளும் ஈஸ்ட் ஹாமில், சேலைக்கடை ஒன்றுக்கு மேலிருந்த எங்கள் வீட்டின் படிகளைக்கூட நான் மிதிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்சுவே என்ற யப்பானிய நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு தொடர்பு இருந்தது. இலையுதிர்கால விடுமுறைக்கு அங்கே போக எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்தார்கள். நான் எழுதிய கட்டுரைக்காக என்னையும் சேர்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் மன்னாரில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் அல்ல. வந்த கடிதத்தை நான்தான் இரண்டு தரம் வாசித்துத் தமிழில் சொன்னேன். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் சுவாமி என் பெயரைச் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. எங்கள் அகதிக் கேஸ் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு மூன்றாம் தரம் போட்டுக் கிடந்தது. பிள்ளையை நாட்டுக்கு வெளியே அனுப்பும் கதையே வேண்டாம் என்று லோயர் சொல்லிவிட்டார். அப்பா பள்ளிக்கூடத்துக்கு எனக்குச் சுகமில்லை என்று சொல்லச் சொன்னார். அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் இடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று.

கோயிலில் மட்டும் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. கட்டிலில் என்னை இருத்தி, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உன்னை யப்பானுக்கு அனுப்ப ஏலாது. நீ போகேல்லையெண்டு சொல்லவும் ஏலாது.”

அப்படித்தான் என் சுற்றுலா தொடங்கியது. சன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது. பகலில் தொலைக்காட்சி இல்லை. பள்ளிக்கூடம் தந்த பயணத்தாளில் எந்த நாள் எந்த இடம் என்று படமும் விளக்கமுமாகப் போட்டிருந்தது. அதன்படி ஒவ்வொரு நாளும் நான் ஊர் பார்த்தேன். திங்கள் கோட்டை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும், படிகள் ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும், கோட்டைக்குள்ளேயே ஒரு கிணறு உண்டு. செவ்வாய் புத்த கோயில். முதுகில் கற்பலகை சுமக்கும் பெரிய கல் ஆமையின் தலையைத் தடவினால் ஆயுள் கூடுமாம். புதன் அருங்காட்சியகம். வேலை முடிந்து வந்து அப்பா சோதனை எடுப்பார். எத்தனை மாடி, கிணறு எதற்கு, ஆமைக்குக் கை எட்டுமா என்றெல்லாம் கேட்பார். கோட்டை உச்சியிலிருந்து தெரியும் ஏரியின் படத்தில் ஒருவன் தோணியில் நின்று நீண்ட கம்பைத் தண்ணீருக்குள் விட்டிருந்தான். பயணத்தாளில் அதற்கு விளக்கம் இல்லை. மன்னார்க் கடலில் வளர்ந்த அப்பா ஒரு பார்வையில், “மட்டிச் சிப்பி வாருறான்” என்றார். அன்றைக்கு மட்டும் அவர் சிரித்தார்.

வியாழன் மாலை குட்மேய்ஸில் இருக்கும் மாமி வந்துவிட்டா. நான் குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்தேன். பொடியன் போன் எடுத்தவனோ என்று மாமி கேட்பதும், இன்றைக்கு என்ன பார்க்கப் போனானோ தெரியாது, சாப்பாடுதான் பிடிக்கவில்லையாம் என்று அம்மா சொல்வதும் கேட்டது. அம்மா எங்கே அப்படிப் பொய் சொல்லப் பழகினா என்று வியந்தபடி கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் முடிந்து வந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு மண்டபத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். நான் நன்றாகவே சொன்னேன். கிணற்றை எட்டிப் பார்த்ததைச் சொன்னேன், ஆமையின் தலை குளிர்ந்து கிடந்ததைச் சொன்னேன், மட்டி வாரியவன் எங்களைப் பார்த்துக் கையசைத்ததையும் சொன்னேன். அப்பா சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குட்மேய்ஸ் மாமா அவருடைய கையைப் பிடித்தார். “பேப்பர் வந்ததை எனக்குமோ ஒளிச்சனி, மச்சான்?”

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. பிள்ளை யப்பானுக்குப் போய் வந்தான் என்றால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, பாஸ்போர்ட் இருந்தால் கேஸ் வென்று பேப்பர் வந்துவிட்டது. மண்டபம் முழுவதும் அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தது. மாமி தொதல் இனிப்புத் துண்டு ஒன்றை அப்பாவின் வாயில் வைத்தா. அவர் அதை மென்றார், நெடுநேரம்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை அப்பா குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். அங்கேயே பிடித்து வைத்துவிடவும் கூடும் என்பதால் மாமாதான் காரில் கூட்டிப் போவார். அப்பா வெளியே வரும்வரை காருக்குள் காத்திருப்பார். வராவிட்டால் உடனே லோயருக்குப் போன் அடிப்பது மாமாவின் பொறுப்பு, நம்பரும் அவரிடம்தான். பேப்பர் கிடைத்தவனுக்குக் கையெழுத்தும் இல்லை, காரும் தேவையில்லை. அடுத்த முறை அப்பா பஸ்ஸில் தனியே போனார்.

அது வெள்ளிக்கிழமை. பின்னேரம் போன் அடித்தது. அம்மா கிளீனிங் வேலைக்குப் போயிருந்தா. அப்பாவின் குரல் அவசரமாக இருந்தது. “என்னைப் பிடிச்சு வைச்சிட்டாங்கள். மாமாவுக்கு அடி. லோயரிட்டச் சொல்லச் சொல்லு.”

நான் மாமாவுக்கு அடித்தேன். அப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

“பேப்பர் வந்த ஆளை ஏன் பிடிச்சவங்கள்?” என்றார் மாமா.

எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் அப்பாவைப் பற்றியதல்ல. உண்மையைச் சொன்னால் நான் அந்தக் கோட்டையைப் பார்க்கவே இல்லை என்பது வெளியே வந்துவிடும். “ஏதோ பிழையாப் பிடிச்சிருப்பாங்கள், மாமா” என்றேன். லோயர் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

மாமா சிரித்துவிட்டார். “அப்ப நாளைக்கே விட்டிடுவாங்கள், மருமோன். மன்னிப்பும் கேப்பாங்கள், இருந்து பார்.”

அம்மா வந்ததும் மாமாவுக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். லோயருக்குப் போய்விட்டது என்று அவ நினைத்தா. அப்பா இன்னும் வரவில்லை என்று கண்டு மாமா லோயருக்கு அடித்தது திங்கட்கிழமை மாலை. அப்பாவை அதற்குள் வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கிழமையே விமானம். இப்போது அவர் மன்னாரில் இருக்கிறார். நான் பட்டம் வாங்கியதைப் போனில் பார்த்தார். அன்று போனில் நான் மாமாவிடம் என்ன சொன்னேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா செபமாலையோடு முழந்தாளிட்டா. நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன். நாளைக்கே விட்டுவிடுவார்கள் என்று மாமா சொன்னதை அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், பெரிய மனிதர் ஒருவர் உறுதியாகச் சொன்னது என்பதால் முழுக்க நம்பியும் விட்டேன். நான் சொன்ன பொய்யை வைத்துத்தான் மாமா அந்த ஆறுதலைச் சொன்னார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.