அக்காவின் பெயர் இருந்த கார்டு

இன்று பக்கத்து வீட்டிலிருந்து ரேஷன் அரிசி வேகும் வாடை வந்தது. எண்பதுகளில் ஆம்பூரில், தோல் பதனிடும் நாற்றத்தையும் மீறி எங்கள் வீட்டில் எழுந்த வாடை அது.

அப்போது புருஷனிடம் அடிபட்டு, நெமிலியில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து அக்கா திரும்பி வந்திருந்தாள். கல்யாணத்தோடு அவள் பெயரை எங்கள் ரேஷன் கார்டிலிருந்து எடுத்திருந்தார்கள். அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, கார்டுகளைச் சரிபார்க்க வந்த அதிகாரியிடம் அம்மா கெஞ்சினாள்.

"கட்டிக் குடுத்த பொண்ணு பேரு புருஷன் வீட்டு கார்டுலதாம்மா இருக்கணும். அதான் ரூல்."

"அவன் தொரத்திட்டான் சார். இவ இன்னா சாப்புடுவா?"

அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இருந்த அரிசி யாருக்கும் போதவில்லை. வேலை செய்த இடத்திலேயே சாப்பிட்டுவிட்டதாக அக்கா தினமும் பொய் சொன்னாள். ஒருநாள் துணிப்பையோடு கிளம்பினாள்.

"பேரு இருக்கிற எடத்துக்கே போறேம்மா."

அம்மா அழுதாள்; ஆனால் தடுக்கவில்லை. அன்று எங்களுக்கெல்லாம் வயிறு நிறையச் சோறு கிடைத்தது.