ஒரே குழாய்

தம்பியின் டிக்கெட் புக்கிங் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்காவுக்கு அங்கே ஸ்டெப்னி என்று பட்டப்பெயர். எதற்கும் மாற்று ஒன்று இருந்தாக வேண்டும் அவளுக்கு. வீட்டுச் சாவிகூட ஒன்று கைப்பையில் இருக்கும், இன்னொன்று தங்கை வீட்டில் இருக்கும். இரண்டும் ஒரே பையில் இருந்தால் அது ஒரே சாவிதான் என்பாள்.

இன்டர்நெட் நின்றால் வியாபாரமே நின்றுவிடும் என்று தொண்டை கிழியக் கத்தித்தான் இரண்டாவது லைன் வாங்க வைத்தாள். வேறு கம்பெனி, வேறு கேபிள். முதல் லைன் வாசல் வழியாக வருவதால் இது பின்பக்கமாக வர வேண்டும் என்று சுவரில் சாக்பீஸால் கோடே போட்டுக் கொடுத்தாள்.

இன்று வாசலில் பள்ளம் தோண்டிய இயந்திரம் இரண்டு லைனையும் ஒன்றாக அறுத்துப்போட்டது. அக்கா குழிக்குள் குனிந்து பார்த்தாள். இரண்டு கேபிளும் ஒரே குழாயில் கிடந்தன.

"யாருடா மாத்தினது?"

"நான்தான்க்கா. பின்சுவருக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சோம். மேல குழாய் போனா அசிங்கமா இருக்குமேன்னு..." தம்பி இழுத்தான். "அதை விடு, லைன் எப்ப வரும்?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் கார் ஸ்டெப்னி எங்கடா இருக்கு?"

"டிக்கியில."

"அங்க ஏன் சும்மா கிடக்கணும்? ஓடுற சக்கரத்தோடயே சேர்த்துக் கட்டிடு. ஆணி குத்தினா ரெண்டுலயும் குத்தட்டும்."