முளை இல்லாத முதுகு

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடமாக ஊசி பிடித்தவருக்கு 'ஊசி' என்றே பேர் நிலைத்துவிட்டது. பாறையில் புதைந்ததைக் கல் வேறு, எலும்பு வேறு என்று பிரிப்பது அவர் வேலை. "ஊசி கை வெச்சா எலும்புல தூசு தங்காது" என்று ஆராய்ச்சித் தலைவி டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டால் ஊசிக்கு உச்சி குளிர்ந்துவிடும். மனிதர்தானே.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், முதுகில் கப்பல் பாய் போலத் தோல் விரித்த ஒரு பழங்கால விலங்கு பாறைக் கட்டிகளாக வந்தது. டைனோசருக்கும் முந்தியது, நம் பாலூட்டி வம்சத்துக்குத் தூரத்து உறவு. முதலில் பாயைத் தாங்கும் நெட்டெலும்புகளைப் பிரித்தார். பிறகுதான் தாடை வந்தது. பற்களைப் பார்த்தால் தழை தின்னி. அந்த வகையின் நெட்டெலும்பில் பக்கவாட்டு முளைகள் இருக்கும். இதிலோ வழவழவென்று ஒன்றுமில்லை. புது இனம் என்று எழுதிய டாக்டரம்மா, அதற்கு ஊசியின் சொந்தப் பேரையே சூட்டினார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை மகள் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

போன வாரம், அந்த விலங்கைத் தோண்டியெடுத்த அதே குழியிலிருந்து இன்னொரு பாறைக் கட்டி வந்தது. நெட்டெலும்பில் பட்டாணி அளவு முண்டு. கல்தான் ஒட்டியிருக்கிறது என்று ஊசியை வைத்தவர், பூதக்கண்ணாடியில் பார்த்ததும் கையை எடுத்தார். எலும்பின் வரி முண்டுக்குள்ளும் ஓடியது; கல் இல்லை, முளை. அந்தப் பழைய எலும்பிலும் இப்படி முண்டுகள் இருந்தன. கல் என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டி, தேய்த்து, பசை பூசி மெழுகியது இதே கை.

வாயை மூடிக்கொண்டு இதையும் சுரண்டிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எலும்பைத் தட்டோடு தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

ஊசி சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா முண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுல எத்தனை இருந்துச்சு?"

"எண்ணலம்மா. கல்லுன்னு நினைச்சேன்."

"சுரண்டின தூள் ஏதாவது இருக்கா?"

"அன்னிக்கே கூட்டிக் கொட்டியாச்சு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும்தானே சரியாப் பாக்காம விட்டேன். தப்புன்னு எழுதிடறேன். நீ போ."

சாயங்காலம் ஊசி நாற்காலி மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். மகள் ஓடிவந்தாள்.

"அதை ஏன்ப்பா எடுக்கறீங்க?"

"அப்படி ஒரு மிருகமே இல்லம்மா," என்றார். "அது நான் சுரண்டிச் செஞ்சது."