பயத்துக்கும் ஒரு ‘வா’

போன வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ஒன்றுமில்லை, நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். மார்பில் தட்டுப்பட்டது வெறும் கொழுப்புக் கட்டிதானாம்.

சிரித்தேன். நன்றி சொன்னேன். ஆபீஸில் இருந்த கணவருக்கு போன் போட்டு, “நார்மல்” என்றேன். ஆட்டோ பிடித்து செம்பூர் வீட்டுக்கு வந்து, கதவைக்கூடச் சாத்தாமல் சோபாவில் உட்கார்ந்தேன். அப்புறம் அழுகை...

இதென்ன கூத்து? ஊசி போட்டு சதை எடுத்த அன்று அழவில்லை. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோதும் அழவில்லை. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு யாராவது அழுவார்களா? வெட்கமாக இல்லையா உனக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டத் திட்ட அழுகை கூடியது.

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் என் கணவரின் அக்கா. தாராவியிலிருந்து வந்திருக்கிறார். கதவு விரியத் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே வரவில்லை.

ஏன் என்று திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் ‘வாங்க’ என்று சொல்லவில்லை! அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு அப்புறம் விருந்தே வைத்தாலும் மன்னிப்பு கிடையாது. இதற்காகவே சொந்தச் சித்தப்பா வீட்டுக்குப் போவதை நிறுத்தியவர் மதினி.

பதறி எழுந்தேன். “வாங்க மதினி... கவனிக்கல.”

“அது கெடக்கட்டும். எதுக்குட்டி அழுத?”

எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் தம்பியின் வாயைக் கட்டிவைத்ததையும்தான். இன்றோடு உறவு முடிந்தது என்றே நினைத்தேன்.

“நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா. பெறவு என்ன?”

“அதான் புரியல மதினி. இப்பதான் பயமா இருக்கு.”

“இத்தன நாளும் பயம் வரலியா?”

“வரும். போ போன்னு விரட்டிடுவேன்.”

“அப்ப அதையும் என்னைய மாதிரி வாசல்லயே நிறுத்திட்ட” என்றார், நிஜமான குறையோடு. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா” என்றபோது அவர் குரலும் உடைந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். மெயின்டனன்ஸ் பணம் கேட்டு வரும் அடுக்குமாடி சொசைட்டி செயலாளரை ‘வாங்க’ என்கிறோம். பிடிக்காத சம்பந்தியைக்கூட வாய் நிறைய ‘வாங்க’ என்கிறோம். நம்முடைய பயமோ பொறாமையோ அழுகையோ எட்டிப் பார்த்தால் மட்டும் — நீ எதற்கு வந்தாய், நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று விசாரணை! கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னால் என்ன? சொத்தையா எழுதி வாங்கப் போகிறது?

அன்று என்னைத் திட்டுவதை நிறுத்தினேன். ‘ஆமாம், பயந்துதான் போயிருந்தேன்’ என்று ஒப்புக்கொண்டேன். மதினியின் தோளில் சாய்ந்து சத்தமாகவே அழுதேன். அப்பாடா... ரிப்போர்ட் தராத நிம்மதியை அந்த அழுகை தந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டீ போடறேன் மதினி, உங்களுக்கு லேட்டாகுதே” என்றேன்.

“அழுது தீந்துட்டா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“அப்ப அழு. எட்டு மணி வரைக்கும் ட்ரெயின்ல கூட்டம், கால் வைக்க முடியாது.”