தட்டுக்குள் இருந்த ஆணி

திண்டிவனத்தில் என் கடைசல் பட்டறைக்கு வந்த கட்டைகளில் எத்தனையோ நல்ல கட்டையை நான் அடுப்புக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைகிறவனுக்கு முடிச்சு விழுந்த மரம் ஆகாது. இரும்பை என்ற ஊர்ப் பக்கம் அலங்காரச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் வந்து, "வெடிப்பு, முடிச்சு, கறை இருக்கிற கட்டையாப் பார்த்து அகலமா ஒரு தட்டு கடைஞ்சு குடுங்க, சுவத்துல மாட்டுவாங்க" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சோறு போட்டுத் தின்ன முடியாத தட்டு, அதுவும் சொத்தைக் கட்டையில். வேலை மந்தமாக இருந்த நேரம், சரி என்றேன்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஓரத்துப் புளியமரங்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. மரம் அறுக்கும் மில்லில் ஒதுக்கிப் போட்டிருந்த புளியங்கட்டை ஒன்றைத் தூக்கி வந்து, பட்டறை நிழலில் மாதக்கணக்கில் காயப்போட்டேன். பிறகு வட்டமாக நறுக்கி மெஷினில் மாட்டினேன். மேல்தோல் போனதும் கத்தரிக்காய் நிறமும் கறுப்புமாக உள்ளே வரி ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் அழகு. இதையெல்லாமா இத்தனை நாள் எரித்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நடுவில் குழி எடுக்கும்போது 'ணங்'கென்று உளி தெறித்தது. நிறுத்திப் பார்த்தால், கறுப்புக் கறைக்கு நடுவில் ஓர் ஆணி. கடையில் விற்கிற ஆணி இல்லை, கொல்லன் பட்டறையில் அடித்த சதுர ஆணி. நேரே மில்லுக்குப் போய், எந்த மரத்துக் கட்டை இது என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன்.

"மயிலம் போற முனையில இருந்துச்சே பேய் மரம், அதாண்ணா. உள்ள பூரா ஆணி. ரம்பம் பூடும்னுதான் ஓரமா போட்டு வெச்சோம்."

"அதை எடுத்துக்கினு போறப்பவே சொல்றதுக்கு இன்னாடா கேடு?" என்று கத்திவிட்டு வந்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

அந்த மரம் எனக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்றில் என் அக்காவை அங்கே இழுத்துப் போனவர்களில் நானும் ஒருவன். அவளுடைய ஒரே பிள்ளை, மூன்று வயது, காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அக்கா ராப்பகலாக அழுதாள். சோறு இல்லை, குளியல் இல்லை. மாமா அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். இது அழுகை இல்லை, எதுவோ பிடித்துக்கொண்டது என்று தெருவே பேசியது. நாங்களும் நம்பினோம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. பூசாரி உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அடிப்பார். அடித்த பிறகு முடியை அறுத்துவிட்டால், பிடித்தது மரத்தோடு நின்றுவிடும். அக்கா திமிறினாள். அவள் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

மறுநாளே அழுகை நின்றது. குளித்தாள், சாப்பிட்டாள். மாமா வீட்டுக்கு மட்டும் திரும்பவில்லை. என்னோடேயே இருந்து என் பிள்ளைகளை வளர்த்தாள், பட்டறையில் உட்கார்ந்து நான் கடைந்ததையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். பதினான்கு வருஷத்தில் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் நான் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதும் அழவில்லை. எல்லாம் அந்த ஆணியின் சக்தி என்றே நினைத்திருந்தேன்.

மில்லிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். உளி பட்டதில் ஆணி ஆட்டம் கண்டிருந்தது. குறடால் பிடித்ததும் கையோடு வந்துவிட்டது. அந்த மரத்தில் எத்தனை ஆணியோ, இது எவளுடையது என்று யார் கண்டது? இருந்தாலும், ஆணி வெளியே வந்தால் அதுவும் வெளியே வந்துவிடும் என்பார்கள். அக்கா மறுபடி அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? வேறொன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குள் போய் அவள் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து, அதே ஆணியில் சுற்றி, ஏரிக்கரைப் புளியமரத்தில் அடித்துவிட்டு வந்தேன். அப்பாடா என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கடைந்து முடித்த தட்டை அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் அந்தத் துளையில் நின்றது.

"இது இன்னா ஓட்டைடா?"

"முடிச்சுக்கா. உதிர்ந்து பூட்ச்சு."

"ஆணி ஓட்டை எனக்குத் தெரியாதா? சீப்புல இருந்து முடிய எடுத்துக்கினு போனியே, பார்த்துக்கினுதான் இருந்தேன். மறுபடியும் அடிச்சிட்டியா?"

"ஏரிக்கரை மரத்துலக்கா" என்றேன்.

"அன்னைக்கும் என்னை ஒண்ணும் புடிக்கலடா. புள்ள பூட்ச்சேன்னு அழுதேன். அழுதா ஆணி அடிப்பீங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அழுவறத வுட்டுட்டேன். அவ்ளோதான்."

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அம்மா செத்தப்பகூட நீ அழல்லியேக்கா" என்றேன்.

"எப்படி அழுவறது? நீ பொணத்தப் பாக்காம என் மூஞ்சியவே பார்த்துக்கினு நின்னியே."

உண்மைதான். அன்று அப்படித்தான் நின்றேன். அவள் கையை முறுக்கிப் பிடித்த இந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அவள் பக்கத்தில் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப அழுக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இருக்கேன்."

அக்கா உப்புத்தாளைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"வரல்லடா" என்றாள்.