திருமணத்துக்கு முந்தின நாள் என் குரல் காணாமல் போனது

போன வருடம், மகளின் திருமணத்துக்கு முந்தின நாள் நடந்தது இது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டு, தேக்கா சந்தைப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடை மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பேச்சு வராது. சில வருடங்களுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு மனைவி பிடிவாதமாக என்னை உட்கார வைத்து, நிறையப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பதிவுகளை வைத்து, நான் தட்டச்சு செய்வதை என் குரலிலேயே சொல்லும் ஒரு மென்பொருள் கிடைத்தது. யாரோ தன்னார்வலர்கள் எப்போதோ எழுதியது. புதிய கம்ப்யூட்டர் எதிலும் ஓடவில்லை. போனிலும் பேசும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பேசுவது வேறு யாரோ.

கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். புக்கிட் மேரா வீட்டில் ஓய்வில் இருந்த மாதங்களில், அந்த மென்பொருளுக்காகவே ஒரு லினக்ஸ் சிஸ்டத்தை மூல நிரலிலிருந்து நானே கட்டினேன். ஒன்றைக் கட்ட இன்னொன்று வேண்டும், அதற்கு முன்னால் வேறொன்று வேண்டும். பொறுமையாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். முதல்முதலாக என் குரல் வந்த அன்று, மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

திருமண வாரத்தில், எழுத்துகளைத் திரையில் வரைய மற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் நிரல் தொகுப்பில், அதாவது லைப்ரரியில், பாதுகாப்புக் குறை இருக்கிறது, புதுப்பியுங்கள் என்று அறிவிப்பு வந்தது. திருமணத்துக்கு முந்தின நாள் காலைதான் புதுப்பித்தேன். பேசும் மென்பொருள் திறக்கவே இல்லை. மறுபடி கட்டப் பார்த்தால், எழுத்தை வரையும் லைப்ரரி, எழுத்துகளைக் கோத்து அடுக்கும் இன்னொரு லைப்ரரியைக் கேட்டது. சரி, அதைக் கட்டலாம் என்று போனால் அது முதலாவதைக் கேட்டது. பழைய பதிப்பில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை.

“விருந்துல நீங்கதான்ப்பா முதல்ல பேசணும்” என்று மகள் சொல்லியிருந்தாள்.

வேறு வழி தெரியாமல், இணையத்தில் உள்ளூர் லினக்ஸ் குழு ஒன்றில் நிலைமையை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண், நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். “பொங்கோல்ல டிரெயின் ஏறிட்டேன் அங்கிள். அங்கயே இருங்க” என்று அடுத்த செய்தி வந்தது.

வீட்டுச் செருப்போடு, அவசரமாக முடிந்த கொண்டையோடு வந்தார். முப்பது வயது இருக்கும். சிரமம் கொடுத்துவிட்டேன் என்று போனில் எழுதிக் காட்டினேன்.

“பாப்பாவ அவரு பாத்துக்கிறாரு. ஓகே லா, அங்கிள்.”

பால் சேர்க்காத தேநீர், ஒரு தே ஓ சொல்லிவிட்டு, பிழைச் செய்திகளை நிதானமாகப் படித்தார். “ரெண்டும் ஒண்ண ஒண்ணு கேட்டுக்கிட்டு நிக்குது. முதலாவத, ரெண்டாவது இல்லாமலே கட்டுவோம். அதை வச்சு ரெண்டாவதைக் கட்டலாம். அப்புறம் முதலாவதைத் திரும்பவும் ஒரு தடவை, முழுசா.”

முதல் கட்டம் முடிந்ததும் மென்பொருள் திறந்தது. ‘பேசு’ என்று அடித்தேன். இரண்டாவது லைப்ரரி இன்னும் சேராததால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். என் சிரிப்பில் சத்தம் வராது. அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மீதி வேலை ஓடிக்கொண்டிருந்தபோது மகளைப் பற்றிக் கேட்டார். சின்ன வயதில் அவள் செய்த சேட்டைகளை எழுதிக் காட்டினேன். கடைசியில் கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

“ஏதாவது பேசுங்க அங்கிள்.”

‘சாப்பிட்டியாம்மா?’ என்று அடித்தேன். காப்பிக்கடை இரைச்சலுக்கு நடுவே என் குரல் கேட்டது.

அவர் மெல்ல, “இன்னும் இல்ல அங்கிள்” என்றார். தோசை வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை மண்டபத்தில் ஒலிபெருக்கியோடு லேப்டாப்பை இணைத்தார்கள். “அம்மாடி, அப்பா பேசறேன்” என்றது என் குரல். எழுதி வைத்திருந்த மீதியைச் சொல்ல விடாமல் மகள் மேடையிலிருந்து இறங்கி வந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்கப்பா.”

சொன்னேன்.

அந்தப் பெண்ணையும் விருந்துக்கு அழைத்திருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அதன்பின் நேரில் பார்க்கவும் வாய்க்கவில்லை. ஆனால் அவ்வப்போது செய்தி வரும்: “புது வெர்ஷன் வந்திருக்கு அங்கிள். நான் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க லா.” இப்போது மகள் போன் செய்யும்போதெல்லாம் ‘சொல்லும்மா’ என்று அடித்துப் பேச வைக்கிறேன். அந்த ஒரு சொல் அவள் காதுக்குப் போய்ச் சேர, இந்த மென்பொருள்களை எழுதிய, நான் பார்த்தே இராத எத்தனையோ பேரும், ஒரே ஒரு நாள் பார்த்த அந்தப் பெண்ணும் துணை நிற்கிறார்கள் என்ற நினைப்பில் மனசு நிறைந்துவிடுகிறது.