தவராசா அண்ணை தூக்கிய கழுகு

செய்தி ஒரு கேள்வியோடு சேர்ந்தே வந்தது. ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையத்தில், வழக்கம்போலப் பிந்திய வண்டிக்காகக் காத்து நின்றேன். எங்கள் ரோமானியப் படைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் வால்ட்டர் எழுதியிருந்தார்: "தவராசா இன்று காலை காலமானார். ஆழ்ந்த அனுதாபங்கள். செப்டெம்பர் அணிவகுப்பில் கழுகை யார் தூக்குவது?" எனக்குக் கோபம்கூட வரவில்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துவிட்டு வந்த களைப்பு. கடைசியில் வந்த வண்டியிலும் ஏறாமல் நின்றுவிட்டேன்.

உங்களில் பலர் அவரைக் கோவில் அன்னதானத்தில் சோறு பரிமாறியவராகத்தான் அறிவீர்கள். தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களும் இருப்பீர்கள். இந்தக் கழுகுக் கதை அநேகருக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி அவருடைய மனைவி கேட்டபோது, இதைத்தான் எழுதுவேன் என்றேன். "எழுது தம்பி, ஆக்கள் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றார் அக்கா.

லிப்பே ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் ரோமானியப் பாசறைகள் இருந்தன. கோடையில் எங்கள் சங்கத்தார் கவசம் அணிந்து அந்த வழியே நடப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர், அதுதான் முழுப் படையணி. உயரமானவன் என்பதால் என்னை லெகாட்டுஸ் ஆக்கினார்கள். படையணியின் தளபதிக்கு அதுதான் பெயர். குதிரைக்குச் சங்கத்தில் வசதியில்லை, ஆகவே சிவப்புப் போர்வையோடு முன்னால் நடந்தே போவேன். அண்ணை கரடித்தோலைத் தலையில் போட்டுக்கொண்டு, உச்சியில் பித்தளைக் கழுகு வைத்த நீண்ட கம்பத்தோடு எனக்குப் பின்னால் வருவார். கழுகு நிலத்தில் விழக்கூடாது. விழுந்தால் அந்தக் காலத்தில் படையணியின் மானமே போய்விடும்.

"இந்த வயசில உங்களுக்கு இது தேவையோ அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எத்தினை கொடியளைப் பாத்திட்டம், தம்பி. இதுக்காகச் செத்தவன் எல்லாம் செத்து ரெண்டாயிரம் வருசம். இனி ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம். அதால இது பாரமில்லை."

யார் கேட்டாலும் பாரமில்லை என்றுதான் சொல்வார். வால்ட்டர் மிகவும் கண்டிப்பானவர். புறப்படுமுன் எல்லோரையும் பரிசோதிப்பார், கைக்கடிகாரம் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது. அண்ணையோ கரடித்தோலுக்கடியில், இடது தோளில், ஒரு நீலத் துவாயை நாலாக மடித்து ஒளித்து வைத்திருப்பார். "ரோமனுக்கும் தோள் நொந்திருக்கும்தானே. அவன் என்னத்தை வைச்சவனோ, ஆர் கண்டது" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் இந்த விஷயங்களை நிறைய வாசித்தார். ரயிலில் வரும்போது ஒருநாள் சொன்னார்: "கழுகு தூக்கிறவன் தயங்கி நிண்டால், தளபதிமாரே கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போயிருக்கினமாம்." நான் அரைத்தூக்கத்தில் "ம்" என்றேன்.

போன ஜூலையில் நல்ல வெயில். ஆற்றங்கரையில் பாதி வழி போயிருப்போம். பின்னால் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது.

"தம்பி, கொஞ்ச நேரம் இதைப் பிடிக்கிறியே?"

"லெகாட்டுஸ் கம்பம் தூக்க ஏலாது, அண்ணை. வால்ட்டர் ஏசுவார்."

"ஓம், ஓம். தளபதிக்கு மரியாதை இருக்குத்தானே."

ரயிலில் சொன்னதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை. எனக்கு அது நினைவில்தான் இருந்தது. வால்ட்டரைச் சாட்டிச் சொன்னது பொய். ஆறு நாள் தொடர்ந்து வேலை செய்த உடம்பு, இன்னொரு பாரத்தை வாங்க எனக்கு மனமில்லை. அண்ணை சந்தை வெளிவரை கழுகைச் சாயவிடாமல் கொண்டுவந்து சேர்த்தார். இதயநோய் மருத்துவரிடம் அவருக்கு ஒக்டோபரில்தான் டெர்மின், அதாவது பார்க்கும் நாள், கிடைத்திருந்தது. ஓகஸ்டில் ஒரு காலை, தொழிற்சாலையில் உடுப்பு மாற்றும் அறையில் விழுந்தார்.

அந்த நடைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்லமுடியாது. ஆனால் செத்தவீட்டில் அக்காவிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அண்டைக்கு வீட்டை வந்து அவர் உன்னைப் பற்றித்தான் கதைச்சவர். தம்பி நல்லாக் களைச்சுப் போனான், முகத்தில தெரிஞ்சது, பாவம் எண்டவர்."

பிறகு உள்ளே போய் அந்த நீலத் துவாயைக் கொண்டுவந்து தந்தார். தோய்த்து, நாலாகவே மடித்திருந்தது.

கம்பம் வால்ட்டர் வீட்டு நிலவறையில் இருக்கிறது. போன சனிக்கிழமை போய் அதைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு வருசமாக அந்தக் கம்பத்துக்கு முன்னால் நடந்தவன், ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. துவாயைத் தோளில் வைத்தும் நிலவறையை இரண்டு சுற்றுத்தான் வரமுடிந்தது. அது சரியான பாரம், அண்ணை.

சிவப்புப் போர்வையைக் கழுவி வால்ட்டரிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய கேள்விக்கும் குழுவில் பதில் எழுதிவிட்டேன்: கழுகை நான் தூக்குகிறேன், துவாயோடுதான் தூக்குவேன்.